தானியக் குருவிக்கும் கறி வேண்டும்

முட்டை வாங்க வருகிறவர்களில் சிலர் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி இது: "உங்க கோழி வெறும் தானியந்தானுங்களே தின்னுது?" திருப்பூரிலிருந்தும் கோவையிலிருந்தும் வருகிற, உடம்பின் மேலும் உணவின் மேலும் அக்கறையுள்ள மனிதர்கள். 'தாவரத் தீவனம் மட்டுமே கொடுத்து வளர்த்த கோழியின் முட்டை' என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்துக் கூடுதல் விலைக்கு விற்பதைக் கடையில் பார்த்திருக்கிறார்கள். அதைவிடச் சுத்தமானது நாட்டுப்புறத்தில் கிடைக்கும் என்று நம்பி என் காட்டுக்கு வருகிறார்கள்.

இல்லைங்க என்றுதான் சொல்வேன். என் கோழிகள் கறையான் தின்னும், பூரான் தின்னும், வெட்டுக்கிளியைத் துரத்திப் பிடித்துத் தின்னும். தேளைக் கண்டால் திரும்பத் திரும்பக் கொத்தித் தரையில் அடித்து, அடங்கிய பிறகு விழுங்கும். வைக்கோல் போரைப் பிரிக்கும்போது எலிக்குஞ்சு விழுந்தால் ஒரு கோழி கவ்விக்கொண்டு ஓட, மற்றதெல்லாம் பின்னால் ஓடும். அரணைக்குட்டி, தவளை, மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்த சின்னப் பாம்பு, எதுவும் தப்பாது. அந்த முட்டையின் மஞ்சள் கரு செழிப்பாக இருப்பதற்கு, மேய்ந்த பச்சையோடு இந்த இரையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

நான் காங்கேயத்துக்குத் தெற்கே இருப்பவள். எங்களுக்கு இருப்பது கொஞ்சம் மேட்டாங்காடு, கொஞ்சம் கொறங்காடு. கொறங்காடு என்றால் கிளுவை வேலி கட்டி, வெள்வேல மரங்களுக்கு நடுவே கொழுக்கட்டைப் புல்லை மாட்டுக்காக விட்டுவைக்கிற மேய்ச்சல் நிலம். உழவு கிடையாது, மருந்து கிடையாது. அதனால் அங்கே பறவைகள் உண்டு. அதை ஒட்டியே மக்காச்சோளக் காடுகளும் உண்டு. இரண்டையும் ஒரே வேலிக்கு இரண்டு பக்கமும் பார்த்துப் பழகியதால்தான் இதை எழுதுகிறேன். பறவைகளைப் பற்றி நாம் வைத்திருக்கும் கணக்கு பாதிக் கணக்கு. தானியத்தைக் கொத்துவது நம் கண்ணில் படுகிறது. புழுவையும் பூச்சியையும் தின்பது படுவதில்லை. அந்தப் பாதிக் கணக்கை வைத்துத்தான் வரப்பு வரைக்கும் விஷம் அடிக்கிறோம்.

என் அம்மாயி குஞ்சு பொரித்த வாரத்தில் கறையான் கட்டுவார். ஓட்டைப் பானைக்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலைத்துண்டு, மக்கிய சுள்ளி எல்லாவற்றையும் அடைத்து, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் புற்றுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைப்பார். விடிந்ததும் பானையைத் தூக்கி உதறினால் சாக்கு முழுக்கக் கறையான். தாய்க்கோழி கொக்கொக்கென்று கூப்பிட, குஞ்சுகள் ஓடிவந்து ஒன்று விடாமல் பொறுக்கும். இப்போது நாட்டுக்கோழி வளர்ப்புப் பயிற்சிகளில் இதையே பாடமாகச் சொல்லித் தருகிறார்கள். அம்மாயிக்குப் புரதம் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் நொய்யை மட்டும் போட்டு வளர்த்த குஞ்சுக்குச் சிறகு ஒழுங்காக முளைக்காது, ஒன்றையொன்று கொத்திக்கொள்ளும், மழைக்கு முதலில் சாவது அதுதான் என்பது நன்றாகத் தெரியும்.

கணக்கு எளிது. மக்காச்சோளத்தில் புரதம் நூற்றுக்கு ஒன்பது பங்கு அளவில் இருக்கும். கம்பில் பதினொன்றோ பன்னிரண்டோ. காய்ந்த வெட்டுக்கிளியில் பாதிக்கு மேல் புரதம். பண்ணையில் வளரும் ஜப்பானியக் காடைக் குஞ்சுக்கே தீவனத்தில் 24 பங்குக்குக் குறையாமல் புரதம் வைக்கச் சொல்கிறார்கள். அதுவும் எந்தப் புரதமும் போதாது. மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் இறகுக்கும் வளர்ச்சிக்கும் கட்டாயம் வேண்டும். சோளத்திலும் சோயாவிலும் அது தேவைக்குக் குறைவு. தாவரத் தீவனம் மட்டும் போடும் பெரிய பண்ணைகளில் ஆலையில் செய்த மெத்தியோனினைத் தனியாகக் கலக்கிறார்கள். முன்பெல்லாம் கருவாட்டுத்தூள் செய்த வேலை அது. கோழியைச் சைவமாக்க ஒரு ரசாயன ஆலை தேவைப்படுகிறது என்பதைப் பெட்டியின் மேல் யாரும் அச்சடிப்பதில்லை.

கோழியின் கதை இதுவென்றால், காட்டில் இருக்கும் அதன் சொந்தங்களுக்குத் தீவனப்பை யாரும் கொண்டுவந்து கொட்டப் போவதில்லை. கவுதாரியை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கவுதாரி என்றால் முதலில் ஞாபகம் வருவது அதன் கறி. வேட்டையாடுவது குற்றம் என்று தெரிந்தும் வலை விரிப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அந்தப் பறவை என்ன தின்கிறது என்று கேட்டால் 'புல் விதை, சிந்திய சோளம்' என்பார்கள். உண்மைதான். ஆனால் விடியற்காலையில் கொறங்காட்டில் நின்று பார்த்தால், அது காய்ந்த சாணிவறட்டியைக் காலால் சீய்த்துப் புரட்டுவது தெரியும். அடியில் கறையானும் வண்டுப்புழுவும் இருக்கும். குஞ்சோடு இருக்கும் ஜோடி விதை பொறுக்குவதைவிடப் பூச்சி தேடுவதில்தான் நேரம் செலவழிக்கிறது. ஒரு குஞ்சு நம் கட்டைவிரல் அளவுதான் இருக்கும். பொரித்த அன்றே ஓடும். அது ஓடுவதெல்லாம் எறும்பையும் சின்னப் பூச்சியையும் துரத்தித்தான்.

மயிலின் விஷயத்தில் நமக்குச் சாட்சி கோயிலிலேயே இருக்கிறது. முருகனின் மயில் பாம்பைக் காலில் பற்றியிருப்பதை எத்தனையோ சன்னதிகளில் பார்த்துக் கும்பிடுகிறோம். அது வெறும் கற்பனை இல்லை. மயில் பாம்புக்குட்டி தின்னும், ஓணான் தின்னும், அரணை, தவளை, சின்ன எலி எல்லாம் தின்னும். மழைக்குப் பிறகு ஈசல் புறப்படும் மாலையில் மயிலும் காக்கையும் மைனாவும் கரிச்சானும் ஒரே இடத்தில் நின்று தின்பதை இங்கே எல்லோரும் கண்டிருப்போம். விதை தின்னி, பழம் தின்னி என்று பிரித்து வைத்திருக்கிறோமே, அந்தப் பிரிவெல்லாம் ஈசல் பறக்கும் அரைமணி நேரத்துக்குச் செல்லாது.

இது நம் நாட்டு அதிசயமும் அல்ல. 2017-ல் ருமேனியாவில் ஒரு நீர்த்தேக்கத்தில் சாதாரணக் காட்டு வாத்துகள், பறக்கப் பழகிக்கொண்டிருந்த வாலாட்டிக்குருவிக் குஞ்சைத் துரத்தி விழுங்கியதை ஆய்வாளர்கள் பார்த்துப் பதிவு செய்தார்கள். பூங்காக் குளத்தில் ரொட்டித்துண்டுக்கு வரிசையில் நிற்குமே, அதே வாத்து. ஹங்கேரியின் மலைக்குகை ஒன்றில், நம் ஊர்ப் பட்டாணிக்குருவிக்கு நெருங்கிய சொந்தமான ஒரு சிட்டு, குளிர்காலத்தில் உறங்கும் வௌவால்களின் சத்தத்தைக் கேட்டுத் தேடிப்பிடித்துக் கொன்று தின்கிறது. குகைவாசலில் விதையும் கொழுப்புத் துண்டும் வைத்துப் பார்த்தார்கள். வேட்டை பெரும்பாலும் நின்றுபோனது. பசிதான் அதை வேட்டையாட வைத்தது. பசிபிக் கடலில் காலபாகஸ் தீவுக்கூட்டத்தின் வடகோடியில் இரண்டு சிறு தீவுகள், உல்ஃப், டார்வின். அங்கே இருக்கும் ஒரு விதைக்குருவி பெரிய கடற்பறவைகளின் இறகடியைக் கொத்தி ரத்தம் குடிக்கிறது. வறண்ட மாதங்களில் விதையும் இருக்காது, குடிநீரும் இருக்காது. இவற்றைப் படித்துவிட்டு 'கொடூரம்' என்று சொல்கிறவர்களை எனக்குப் புரியவே இல்லை. உயிர் பிழைக்க வேண்டிய பறவை கிடைத்த புரதத்தை எடுத்துக்கொள்கிறது.

முட்டையிடும் காலத்தில் தேவை இன்னும் கூடும். ஓட்டுக்குச் சுண்ணாம்பு வேண்டும். நெதர்லாந்தில் மண் அமிலமாகிப்போன காடுகளில் நத்தைகள் அற்றுப்போயின. அந்தக் காட்டுச் சிட்டுகளின் முட்டைகள் ஓடு மெலிந்து, சில ஓடே இல்லாமல் வந்தன என்று 1990-களில் கண்டுபிடித்தார்கள். ஒரு குருவியின் முட்டை உடைவதற்குக் காரணம் மண்ணில் நத்தை இல்லாதது. என் கோழிகள் மழைநாளில் சின்ன நத்தையை ஓட்டோடு விழுங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் இது ஞாபகம் வரும்.

இதில் விலக்கு புறா. புறாவும் மணிப்புறாவும் குஞ்சுக்குப் பூச்சி தேடி அலைவதில்லை. தாயும் தந்தையும் தீனிப்பையிலேயே பால் போன்ற ஒன்றைச் சுரந்து ஊட்டுகின்றன. நம் நகரங்களில் வேறு பறவைகள் குறைந்தாலும் மாடப்புறா பெருகிக்கொண்டே போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். பூச்சியே இல்லாத இடத்திலும் அதனால் பிள்ளை வளர்க்க முடிகிறது. மற்ற தானியப் பறவைகளில் பெரும்பாலானவற்றால் முடியாது. தூக்கணாங்குருவி நெல் வயலில் பாலேறிய கதிரைக் கொத்தித் தின்னும். கூட்டுக்குள் இருக்கும் குஞ்சுக்கு அது கொண்டுபோவதில் வெட்டுக்கிளியும் புழுவும் நிறைய இருக்கும். சிட்டுக்குருவியும் அப்படித்தான்.

இந்த இடத்தில் இங்கிலாந்துக் கவுதாரியின் கதையைச் சொல்ல வேண்டும். அது நம் கவுதாரிக்குத் தூரத்துச் சொந்தம், சாம்பல் நிறம், கோதுமை வயலில் வாழ்வது. நிலப்பிரபுக்கள் சுடுவதற்காகவே போற்றி வளர்த்த பறவை. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அது விழத் தொடங்கியது. வேட்டையைக் குறைத்தார்கள். நரியைச் சுட்டார்கள். வளர்த்துக் கொண்டுவந்து விட்டார்கள். சரிவு நிற்கவில்லை. டிக் பாட்ஸ் என்ற ஆய்வாளர் 1960-களின் கடைசியிலிருந்து சசெக்ஸ் வயல்களில் ஆண்டுதோறும் கவுதாரியை மட்டுமல்ல, பயிரில் இருக்கும் பூச்சிகளையும் களைகளையும் சேர்த்தே எண்ணிக்கொண்டு வந்தார். விடை அங்கே இருந்தது. பெரிய பறவைகள் பட்டினியால் சாகவில்லை. முட்டையும் நன்றாகவே பொரிந்தது. குஞ்சுகள்தான் பொரித்த இரண்டு வாரத்துக்குள் செத்தன. அந்த இரண்டு வாரமும் அவற்றின் சாப்பாடு பெரும்பாலும் பூச்சி. அந்தப் பூச்சிகள் வாழ்ந்தது கோதுமையின் மேல் மட்டுமல்ல, கோதுமைக்கு அடியில் முளைத்த களைகளின் மேல். விவசாயி அடித்தது களைக்கொல்லி. ஒரு பறவையையும் அது நேரடியாகக் கொல்லவில்லை. களை போனது, களையில் இருந்த புழு போனது, புழுவைத் தின்ன வேண்டிய குஞ்சு போனது.

பாட்ஸ் 1986-ல் இதையெல்லாம் ஒரு நூலாக எழுதினார். அதைவிட முக்கியம், அந்த ஆய்வுக் குழுவினர் கண்டுபிடித்த தீர்வு. வயலின் ஓரத்தில் ஏறக்குறைய ஆறு மீட்டர் அகலத்துக்கு மட்டும் களைக்கொல்லியையும் பூச்சிமருந்தையும் கட்டுப்படுத்தினார்கள். வயலின் நடுவில் விவசாயி வழக்கம்போலச் செய்துகொள்ளலாம். அந்த ஓரத்தில் பூச்சி பெருகியது, குஞ்சு பிழைத்தது. எல்லா விவசாயியும் அதைச் செய்யவில்லை. மொத்தத்தில் அங்கே கவுதாரி பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் அழிந்துவிட்டது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் செய்த இடங்களில் பலன் தெரிந்தது. மகசூலைப் பெரிதாக விட்டுக்கொடுக்கச் சொல்லாத, விவசாயியைக் குற்றவாளியாக்காத ஒரு வழி அது. எனக்கு அதில் பிடித்தது இதுதான்.

பாதிக் கணக்கோடு ஒரு அரசே இறங்கினால் என்ன ஆகும் என்பதைச் சீனம் காட்டியது. 1958-ல் எலி, ஈ, கொசு ஆகியவற்றோடு சிட்டுக்குருவியையும் சேர்த்து நான்கு பீடைகளை ஒழிக்கும் இயக்கத்தை மாவோவின் அரசு தொடங்கியது. குருவி மக்களின் தானியத்தைத் தின்கிறது என்பது குற்றச்சாட்டு. ஊர் ஊராக மக்கள் பாத்திரங்களைத் தட்டிச் சத்தமெழுப்பி, குருவிகளை உட்காரவிடாமல் விரட்டி, களைத்து விழவைத்தார்கள். கூடுகளைக் கலைத்தார்கள், முட்டைகளை உடைத்தார்கள். செங் சோ-சின் என்ற சீனப் பறவையியலாளர் குருவிகளின் இரைப்பையைப் பிரித்துப் பார்த்து, குஞ்சு வளர்க்கும் காலத்தில் அவை பூச்சியைத்தான் பெரிதும் தின்கின்றன என்று காட்டினார். 1960-ல் பீடைப் பட்டியலிலிருந்து குருவியை எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். அதற்குள் குருவி போய்விட்டது, வெட்டுக்கிளி பெருகிவிட்டது. அந்த ஆண்டுகளின் கொடும் பஞ்சத்துக்கு அரசின் கொள்கைகள் பல காரணம். குருவியைக் கொன்றதும் அதில் ஒன்று.

பறவை உண்மையில் என்ன தின்கிறது என்ற கேள்வியை நம் நாட்டில் அதற்கு முன்பே கேட்டிருக்கிறார்கள். பிஹாரின் பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் சி. டபிள்யூ. மேசன் என்பவர் பறவைகளின் இரைப்பைகளைத் திறந்து, உள்ளே இருந்த விதையையும் பூச்சியையும் பிரித்து எழுதினார். இந்தியப் பறவைகளின் உணவு பற்றிய அந்த அறிக்கை 1912-ல் வந்தது. எந்தப் பறவை உழவருக்கு உதவுகிறது, எது கெடுக்கிறது என்பதைக் கண்ணால் கண்டதை வைத்து அல்லாமல் வயிற்றில் இருந்ததை வைத்து முடிவு செய்ய வேண்டும் என்ற நேர்மை அதில் இருந்தது. நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் நம் வேளாண் அலுவலகங்களில் அந்தக் கேள்வி பழக்கத்துக்கு வரவில்லை.

ஒவ்வொரு மார்ச் 20-ம் தேதியும் சிட்டுக்குருவி தினம் கொண்டாடுகிறோம். பள்ளிப் பிள்ளைகள் அட்டைப்பெட்டியில் கூடு செய்கிறார்கள், பால்கனியில் கம்பு தூவுகிறார்கள். அந்தப் பிள்ளைகளின் அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் கம்பு தாய்க்குருவிக்குத்தான் ஆகும். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் கூடுகளைத் தொடர்ந்து கவனித்தவர்கள், பூச்சி கிடைக்காமல் தாவர உணவையே அதிகம் ஊட்டப்பட்ட குஞ்சுகள் நலிந்துபோவதைக் கண்டார்கள். நாம் செல்போன் கோபுரத்தைக் குறை சொல்கிறோம். அதைப் பற்றிப் பெரிய படமே எடுத்தாயிற்று. கோபுரம்தான் குருவியைக் கொன்றது என்பதற்குத் திடமான சான்று கிடையாது. வாசலில் சிமெண்ட் போட்டது, வேலிச்செடியை வெட்டியது, கொல்லையில் கொசுமருந்து அடித்தது, இவையெல்லாம் புழுவை இல்லாமல் செய்கின்றன என்பது கண்ணுக்கு முன்னால் நடக்கிறது. கூட்டுப்பெட்டி வாங்கித் தரும் அமைப்புகள் அதோடு ஒரு அவரைக்கொடியையும் ஒரு முருங்கைப் போத்தையும் சேர்த்துக் கொடுத்தால் நல்லது. புழு வருகிற செடிகள் அவை.

இனி எங்கள் மக்காச்சோளக் காட்டுக்கு வருகிறேன். 2018-ல் படைப்புழு இந்தியாவுக்குள் வந்தது. அதன் பிறகு மருந்து அடிக்காமல் மக்காச்சோளம் எடுக்க முடியாது என்ற நிலை. அதை நான் குறை சொல்ல மாட்டேன். கடன் வாங்கி விதைத்தவர்கள் குருத்தில் புழுவைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. நான் கேட்பது வேறு. வரப்புக்கு ஏன் அடிக்கிறீர்கள்? புல் வெட்ட ஆள் கிடைக்கவில்லை என்பதால் வரப்பு, வண்டித்தடம், கிளுவை வேலியின் அடி எல்லாவற்றுக்கும் களைக்கொல்லி அடித்துவிடுகிறார்கள். ஒரு வாரத்தில் எல்லாம் வைக்கோல் நிறமாகிவிடும். கவுதாரி கூடு வைப்பது அந்த ஓரத்தில்தான். அது குஞ்சோடு மேய்வதும் அந்த ஓரத்தில்தான். பயிருக்கு அதனால் எந்த லாபமும் இல்லை, பார்ப்பதற்கு 'சுத்தமாக' இருக்கிறது என்பதைத் தவிர. அந்தச் சுத்தம் எனக்கு வேண்டாம்.

வேளாண் துறையின் துண்டுப் பிரசுரத்திலேயே பறவைத் தாங்கி வைக்கச் சொல்கிறார்கள். வயலுக்குள் குச்சி நட்டு, மேலே குறுக்குக் கட்டை கட்டிவிட்டால் கரிச்சானும் மைனாவும் உட்கார்ந்து புழு பொறுக்கும். மிக நல்ல யோசனை. ஆனால் அதே துண்டுப் பிரசுரத்தின் அடுத்த பகுதியில் மருந்துகளின் பெயரும் அளவும் இருக்கிறது. தாங்கியில் வந்து உட்காரும் பறவை, மருந்து குடித்துத் தடுமாறும் புழுவைத்தான் முதலில் பிடிக்கும், ஓட முடியாத இரை அதுதானே. 1995-96-ல் அர்ஜென்டினாவின் புல்வெளிகளில் இப்படித்தான் நடந்தது. வட அமெரிக்காவிலிருந்து வலசை போன ஸ்வெயின்சன் பருந்துகள் அங்கே வெட்டுக்கிளி தின்று வாழ்பவை. வெட்டுக்கிளிக்கு அடித்த மோனோகுரோட்டோபாஸ் அவற்றைக் கொன்றது. அந்த ஒரு பருவத்தில் ஏறக்குறைய 20,000 பருந்துகள் இறந்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள். நெதர்லாந்தில் 2014-ல் வெளியான ஆய்வு, நீர்நிலைகளில் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து அதிகமாக இருந்த பகுதிகளில் பூச்சி தின்னும் பறவைகள் வேகமாகக் குறைவதைக் காட்டியது. 2018-ல் ஐரோப்பிய ஒன்றியம் திறந்தவெளிப் பயிர்களில் அந்த மருந்துக்குத் தடை போட்டது. இங்கே பருத்திக்கும் நெல்லுக்கும் அது இன்றும் சர்வசாதாரணம்.

இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2023-ல் வந்த அறிக்கை, ஆயிரக்கணக்கான பறவை ஆர்வலர்கள் கொடுத்த பதிவுகளை வைத்து எழுதப்பட்டது. இறைச்சி தின்பவை, பூச்சி தின்பவை, தானியம் தின்பவை மூன்றும் வேகமாகக் குறைகின்றன. பழமும் தேனும் உண்பவை அப்படிக் குறையவில்லை என்கிறது. தானியத்துக்கு நாட்டில் பஞ்சமில்லாதபோது தானியப் பறவை ஏன் குறைய வேண்டும்? அறிக்கை அப்படிச் சொல்லவில்லை, இது என் கருத்து: குஞ்சுக்குப் பூச்சி கிடைக்காததும் முக்கியமான காரணம்.

மயிலோ இதற்கு எதிர்த்திசையில் போகிறது. அதே அறிக்கை மயில் வேகமாகப் பெருகுவதாகவும் சொல்கிறது. எங்கள் பக்கம் அதற்கு அறிக்கை தேவையில்லை. விதைத்த நிலக்கடலையை மயில் தோண்டி எடுக்கிறது, தக்காளியைக் கொத்துகிறது, சோளத் தட்டை ஒடிக்கிறது. விதைக்கு மறு விதை போட்டவர்களின் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். மயில் பாம்பு தின்கிறது, பூச்சி தின்கிறது, ஆகவே பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நகரத்தில் இருந்துகொண்டு சொல்வது நியாயமில்லை. மயில் தின்னும் ஓணானும் அரணையும் தவளையும் கூடப் பூச்சி தின்கிறவைதான். எண்ணிக்கை கூடிப்போனால் அவற்றுக்கும் அது கேடு. இறைச்சி தின்னும் பறவை என்பதாலேயே ஒன்று உழவருக்கு நண்பனாகிவிடாது. நியூசிலாந்தில் கியா என்ற மலைக்கிளி ஆடுகளின் முதுகைக் கொத்தித் தின்றது உண்மை. அதற்காகத் தலைக்கு விலை வைத்து ஒன்றரை லட்சம் கிளிகளைக் கொன்றார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். 1986-ல்தான் முழுப் பாதுகாப்பு கொடுத்தார்கள். இப்போது அரிய பறவையாகிவிட்டது. எத்தனை கிளி உண்மையில் ஆட்டைத் தொட்டது என்று பார்க்காமலே கொன்றதன் விலை அது.

மயில் 1963-லிருந்து தேசியப் பறவை. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு உச்சபட்சப் பாதுகாப்பு. அது இருக்கட்டும். ஆனால் பாதுகாப்பைச் சட்டம் கொடுக்க, நஷ்டத்தை மட்டும் விவசாயி தாங்குவது சரியில்லை. இழப்பீடு கேட்டு அலைந்து அலுத்துப்போனவர்களில் சிலர் விஷம் கலந்த தானியத்தைத் தூவிவிடுகிறார்கள். அதைத் தின்பது மயில் மட்டுமல்ல. கவுதாரி, காடை, புறா, செத்ததைத் தின்ன வரும் நாய் வரைக்கும் சாகும். மயிலுக்கான இழப்பீட்டைச் சீக்கிரம் கொடுப்பதுதான் கவுதாரியைக் காப்பாற்றவும் வழி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எங்கள் மாவட்டத்தில் மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க் கூட்டத்தில் மயில் பிரச்சினை வராத கூட்டமே இல்லை. அடுத்த கூட்டத்தில் நானும் மனு கொடுக்கப் போகிறேன். மயில் சேதத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர் பார்த்து எழுதிக் கொடுத்த ஒரு மாதத்துக்குள் பணம் வர வேண்டும். பறவைத் தாங்கி வைக்கச் சொல்லும் பிரசுரத்தில், தாங்கி வைத்த வயலில் மருந்து அடித்தால் எத்தனை நாளைக்குத் தாங்கியைப் பிடுங்கி வைக்க வேண்டும் என்று அச்சடிக்க வேண்டும். வரப்பிலும் வேலியோரத்திலும் களைக்கொல்லி அடிக்காமல் புல்லை விட்டுவைக்கிற சிறு விவசாயிக்கு, ஏக்கர் கணக்கில் ஒரு தொகையை ஊக்கமாகக் கொடுக்க வேண்டும். அல்லது அந்தப் புல்லை அரிவாளால் அறுக்க ஊரக வேலைத் திட்ட ஆட்களை அனுப்ப வேண்டும், அதுவும் கவுதாரி குஞ்சு வளர்க்கும் காலம் முடிந்த பிறகு. எங்கள் வேலியோரத்தைப் பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் பேசி ஏற்கெனவே அப்படி விட்டுவைத்திருக்கிறோம். வந்து பார்க்க நினைக்கும் அதிகாரிகள் காலை ஆறு மணிக்கு முன்னால் வந்தால் காட்டுகிறேன்.